பனிக்கால மூச்சிரைப்பு: புரட்டாசியில் தொடங்க வேண்டிய மருத்துவம்

தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை பிடித்ததும் மூச்சிரைப்போடு மருத்துவமனைக்கு வருவோர் தொகை ஏறத் தொடங்குகிறது. மார்கழிப் பனியிலும் போகிப் புகையிலும் அது மேலும் கூடி, மாசி வெயில் உறைக்கும்போதுதான் தணிகிறது. இந்த ஏற்றத்துக்குக் குளிர் ஒன்றையே காரணமாகச் சொல்லி, காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்வதோடும் தயிரை நிறுத்திவிடுவதோடும் தற்காப்பை முடித்துக்கொள்வது பல குடும்பங்களில் வழக்கமாக இருந்துவருகிறது. குளிருக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் அது முதன்மைப் பங்கு அன்று என்பதும், பனிக்காலத்தில் வெடிக்கும் இரைப்பு பெரும்பாலும் கோடையில் கவனிக்கப்படாமல் விடப்பட்ட நோயின் வெளிப்பாடே என்பதும், ஆகவே அதற்கான மருத்துவம் மழைக்கு முன், புரட்டாசி மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும் என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்துகள்.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழல்களின் உட்சுவரில் நீண்ட காலம் நிலைத்திருக்கும் அழற்சி. அதாவது, அச்சுவர் சிவந்து தடித்து, பிறர் உணராத சிறு தூண்டலுக்கும் அளவு மீறி எதிர்வினை காட்டும் நிலை. தூண்டல் நேரும்போது குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் மேலும் வீங்குகிறது, கோழை சுரந்து எஞ்சிய வழியையும் அடைக்கிறது. குறுகிய அவ்வழியே காற்று வெளியேற முயல்வதால் எழும் ஓசையைத்தான் மக்கள் இழுப்பு என்றும் வீசிங் என்றும் சொல்கிறார்கள். இந்த அடைப்பு மருந்தாலோ, சில வேளை தானாகவோ நீங்கிவிடக்கூடியது என்பது ஆஸ்துமாவின் அடையாளம். இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு நோய் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சிஓபிடி என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்நோய், புகைபிடித்தோருக்கும் விறகுப் புகையில் ஆண்டுக்கணக்கில் சமைத்த பெண்களுக்கும் நடுவயதுக்குப் பின் வருவது. இதில் ஏற்பட்ட அடைப்பு முழுமையாக நீங்குவதில்லை. இரண்டுக்கும் பொதுவானது, மழையும் பனியும் சேர்ந்த நான்கு மாதங்களில் திடீரென மோசமாகும் இயல்பு.

2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது. உலக மொத்தத்தில் இது சுமார் 13 விழுக்காடு. அதே மதிப்பீட்டில், உலகில் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இந்தியாவில் நிகழ்கின்றன. நோயாளிகளில் எட்டில் ஒருவரைக் கொண்ட நாடு, மரணங்களில் ஐந்தில் இரண்டு பங்கைச் சுமக்கிறது. இந்தியக் குளிர் ஐரோப்பியக் குளிரைவிடக் கொடியது அன்று. பின்லாந்திலும் கனடாவிலும் ஆஸ்துமா நோயாளிகள் பூச்சியத்துக்குக் கீழான வெப்பநிலையில் வாழ்கிறார்கள். ஆகவே இந்த வேறுபாட்டுக்கான விடையைத் தட்பவெப்பத்தில் தேடிப் பயனில்லை. நோயைக் கண்டறிவதில் நேரும் தாமதத்திலும், மருந்து பயன்படுத்தும் முறையிலும்தான் தேட வேண்டும்.

எனினும் குளிர்க்காற்று மூச்சுக்குழலில் என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து இழுக்கப்படும் காற்று நுரையீரலின் ஆழத்தை அடையும்போது 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் முழு ஈரப்பதமும் பெற்றிருக்க வேண்டும்; அந்த நிலையில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 44 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் உள்ள காற்று, முழுதும் ஈரமாக இருந்தாலும், 17 கிராம் நீராவியையே தாங்கும். பூச்சிய டிகிரியில் அது 5 கிராமுக்கும் குறைவு. இந்தப் பற்றாக்குறையை நிரப்பும் பொறுப்பு மூக்கினுடையது. மூக்கின் உள்ளே மடிப்பு மடிப்பாக அமைந்த, குருதி நிறைந்த சவ்வு காற்றைச் சூடாக்கி நனைத்து அனுப்புகிறது. மூக்கு அடைத்துக்கொண்டு வாய்வழியே மூச்சு விடுவோருக்கும், வேகமாக நடந்தோ ஓடியோ மூச்சு வாங்குவோருக்கும் இந்தப் பணி மூச்சுக்குழலின் தலையில் விழுகிறது. குழலின் உட்பரப்பை நனைத்திருக்கும் மெல்லிய நீர்ப்படலம் வற்றி உப்புச்செறிவு கூடும்போது, அங்குள்ள மாஸ்ட் செல்கள் எனப்படும் காப்பு உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிட, தசை இறுகுகிறது. காதை மூடுவதைவிட மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடுவதே பயன் தரும் என்பதற்கும், மூக்கடைப்பையும் தும்மலையும் உண்டாக்கும் ஒவ்வாமைக்குத் தனியே மருத்துவம் பார்க்காமல் ஆஸ்துமா அடங்காது என்பதற்கும் காரணம் இதுதான்.

உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ, உறைபனி படியும் மார்கழி தை விடியலில், இந்த விளக்கம் அப்படியே பொருந்தும். சென்னையிலும் தஞ்சையிலும் நாகப்பட்டினத்திலும் மார்கழி இரவு பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. காற்றோ ஈரம் மிகுந்தது. அந்தக் குளிரால் மட்டும் ஒருவருக்கு இரவு முழுதும் உட்கார்ந்தே மூச்சு விடும் நிலை வந்துவிடாது. சமவெளித் தமிழ்நாட்டில் பனிக்கால இரைப்பைத் தூண்டுபவை வேறு. அவற்றுள் தலையாயது சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்கள். ரைனோவைரஸ் எனப்படும் சாதாரண ஜலதோஷக் கிருமி, பிறருக்கு நான்கு நாள் மூக்கொழுகலோடு போய்விடும்; அழற்சி அடங்காத மூச்சுக்குழலிலோ அது வாரக்கணக்கில் தங்கும் இரைப்பாக மாறுகிறது. இன்ஃபுளுயன்சா என்னும் ஃபுளூக் காய்ச்சலும் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே கூடுதலாகப் பரவுகிறது. மழைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு பலர் ஓரறையில் நெருங்கி இருப்பதும், பள்ளியிலிருந்து குழந்தை கொண்டுவரும் சளி பாட்டிக்குப் போய்ச் சேர்வதும் இக்காலத்தில் எளிது.

அடுத்த தூண்டல் வீட்டுக்குள்ளேயே வளர்வது. தூசிப்பூச்சி என்பது கண்ணுக்குத் தெரியாத, சிலந்தி இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர். மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் தங்கி, மனித உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்வது. அதன் கழிவே ஒவ்வாமையை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சியே அது வாழ்வதால், ஈரப்பதம் மிகுந்த ஐப்பசி கார்த்திகை மாதங்கள் அதற்குச் செழிப்பான பருவம். ஆண்டு முழுதும் பரணில் கிடந்த கம்பளியையும் ஸ்வெட்டரையும் பனி தொடங்கிய முதல் இரவில் எடுத்து உதறிப் போர்த்திக்கொள்வதால் அன்றிரவே இரைப்பு வருவது, குளிரால் அன்று, அத்துணியில் சேர்ந்திருந்த தூசியால். புரட்டாசியில் வெயில் கிடைக்கும்போதே அவற்றை வெந்நீரில் துவைத்து உலர்த்தி வைப்பதும், பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுவதும் அல்லது இறுக நெய்த உறையிட்டு மூடுவதும், மழைநீர் கசிந்து பூஞ்சை படர்ந்த சுவரைச் செப்பனிடுவதும் மருத்துவத்தின் பகுதியாகவே கருதத்தக்கவை. பூஞ்சையைச் சுரண்டும் வேலையை இரைப்பு நோயாளி செய்யக் கூடாது. அதன் நுண்விதைகள் நேரே மூச்சில் ஏறும்.

மூன்றாவது தூண்டல் புகை. பனிக்கால இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்க, அதன்மேல் சற்று வெப்பமான காற்று படிந்துவிடுகிறது. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று வானிலையியலில் வழங்கும் இந்நிலையில், மற்றக் காலங்களில் மேலேறிக் கலைந்துவிடும் புகை, மனிதர் மூச்சு விடும் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. இதன் கொடுமையை உலகம் முழுமையாக உணர்ந்தது 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனில். நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து நகரின்மேல் ஐந்து நாள் அசையாமல் நின்றதில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அத்தொகையை 12,000 வரை உயர்த்தின. இறந்தோரில் பெரும்பாலோர் முதியோரும், ஏற்கெனவே மார்புநோய் உடையோருமே. 1956இல் பிரித்தானியா தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது அதன் விளைவாக.

சென்னையில் போகி விடியல் இந்த நிலையைச் சிறிய அளவில் ஆண்டுதோறும் காட்டுகிறது. பழைய பாயும் துணியும் மட்டுமே எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் ரெக்சினும் சேர்ந்து எரிவதால், அப்புகையில் நுண்துகளோடு நச்சு வாயுக்களும் கலக்கின்றன. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து பார்வைத் தொலைவைக் குறைத்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. ஓடுபாதையையே மறைக்கும் புகை, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள மூச்சுக்குழல்களில் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பழையன கழித்தல் என்னும் நல்ல கருத்துக்கு எரிப்பு இன்றியமையாதது அன்று. கழிக்கப்படும் பொருளைத் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைப்பதும் கழித்தலே. தீபாவளிப் பட்டாசுக்கும், உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தெருவில் உள்ளோர் மதித்தால், அதே தெருவில் சன்னலை அடைத்துக்கொண்டு கிடக்கும் நோயாளிக்கு அது மருந்துக்கு நிகரான உதவி.

தெருப்புகையைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், அதனினும் அணுக்கமானதும் வீட்டுப்புகை. மழைக்காலக் கொசுவுக்கு அஞ்சிக் கட்டிலுக்கடியில் ஏற்றி வைக்கப்படும் கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. அடைத்த அறையில், எட்டு மணி நேரம், உறங்கும் குழந்தையின் தலைமாட்டில் அது எரிகிறது. கொசுவலை ஒன்று அந்தப் புகை முழுவதையும் தேவையற்றதாக்கிவிடும். எண்ணெய்க் குளியலுக்குப்பின் குழந்தைக்குச் சாம்பிராணி பிடிப்பதும், நனைந்த விறகை ஊதி ஊதி வெந்நீர் அடுப்பு மூட்டுவதும் இவ்வகையினவே. ஈர விறகு உலர்ந்த விறகைவிடப் பன்மடங்கு புகை தருவது. ஐப்பசி மாதத்தில் சாரல் அடிக்கும் கொல்லைப்புறத்துக் கூரைச் சார்ப்பில், முகத்தை அடுப்பருகே குனிந்து வைத்து ஊதாங்குழலால் ஊதும் பெண், பீடி ஒன்றைக்கூடத் தொடாதவர் ஆயினும், ஐம்பது வயதில் புகைபிடித்தவரின் நுரையீரலோடு மருத்துவர் முன் வந்து நிற்கிறார். வெந்நீர் அவருக்கு மட்டும் அன்று, வீட்டில் அனைவருக்கும். மலைப்பகுதிகளில் குளிருக்காக அடைத்த அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்குவதோ உயிருக்கே இறுதியாகக்கூடும்; மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு, உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

இத்தனை தூண்டல்களையும் முழுமையாகத் தவிர்த்து வாழ்வது எவராலும் இயலாது. தவிர்க்க முடிந்ததைத் தவிர்த்தபின், எஞ்சியவற்றைத் தாங்கும் நிலையில் மூச்சுக்குழலை வைத்திருப்பதே சிகிச்சையின் நோக்கம். இங்கே இருவகை மருந்துகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஒன்று தணிப்பு மருந்து. சால்பியூட்டமால் போன்ற இது இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தி இரைப்பை அடக்குவது, ஆனால் அழற்சியைத் தொடாதது. மற்றொன்று தடுப்பு மருந்து. பியூடெசொனைடு, புளூட்டிகசோன் போன்ற, உறிஞ்சும் முறையில் தரப்படும் ஸ்டீராய்டுகள். இவை உடனடியாக எந்த நிம்மதியையும் காட்டாமல், நாள்தோறும் எடுத்துவர, சில வாரங்களில் அழற்சியைத் தணித்து, தூண்டல் வந்தாலும் குழல் சுருங்காதபடி காப்பவை. உடனே பயன் தெரிவதால் முதலாவதை மக்கள் நம்புகிறார்கள். பயன் தெரியாததால் இரண்டாவதைக் கைவிடுகிறார்கள். இந்திய மரணக் கணக்கின் பெரும்பகுதி இந்த ஒரு தலைகீழ் நம்பிக்கைக்குள் அடங்கியிருக்கிறது என்று கூறுவது மிகையாகாது.

இந்தப் பிழையின் வரலாறு பழையது. மருந்தை அளவாகத் தெளிக்கும் அழுத்தக் குப்பி 1956இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. தசை தளர்த்தும் மருந்து கைப்பைக்குள் வந்துவிட்டதும் பெரிய விடுதலையாகத் தோன்றியது. ஆனால் 1960களில் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன, ஐசோபிரினலின் என்னும் தணிப்பு மருந்தின் செறிவு மிகுந்த வகையை அளவின்றிப் பயன்படுத்தியதோடு அந்த உயர்வு தொடர்புபடுத்தப்பட்டது. 1969இல் பாதுகாப்பு மிகுந்த சால்பியூட்டமாலும், 1972இல் உறிஞ்சும் ஸ்டீராய்டான பெக்ளோமெத்தசோனும் வந்தபின் நிலை மாறியது. எனினும் தணிப்பு மருந்தை மட்டுமே நம்பியிருக்கும் பழக்கம் நீடித்ததால், ஆஸ்துமாவுக்கான உலக முன்னெடுப்பு அமைப்பாகிய ஜினா, 2019இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, வயதுவந்தோரும் வளரிளம் பருவத்தினரும் தணிப்பு மருந்தை மட்டும் தனித்துப் பயன்படுத்தும் முறையைப் பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. நோய் இலேசாக இருப்பினும் உறிஞ்சும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது இன்றைய நிலைப்பாடு. ஓராண்டில் மூன்று தணிப்புக் குப்பிகள் அல்லது அதற்கு மேல் ஒருவருக்குத் தேவைப்பட்டால் அவருடைய ஆஸ்துமா அடங்கவில்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் எழும் அச்சத்தை அலட்சியம் செய்துவிடக் கூடாது. அதற்கு விடை சொல்ல வேண்டும். கடும் இரைப்பின்போது விழுங்கத் தரப்படும் பிரெட்னிசொலோன் மாத்திரை நாளொன்றுக்கு 30 முதல் 40 மில்லிகிராம், அதாவது 30,000 முதல் 40,000 மைக்ரோகிராம். அது குருதியில் கலந்து உடல் முழுதும் செல்வது. உறிஞ்சும் தடுப்பு மருந்தின் வழக்கமான அளவு நாளொன்றுக்குச் சில நூறு மைக்ரோகிராம். அது நேரே மூச்சுக்குழலில் படிவது. மருந்துக்கு மருந்து வலிமை வேறுபடும் என்பது உண்மையாயினும், சிறிய அளவை அஞ்சி ஒதுக்கியவரே பெரிய அளவை ஆண்டுக்கு நான்கு முறை விழுங்க நேர்கிறது. இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்பதும், அது இறுதிக்கட்ட மருந்து என்பதும், பெண்ணுக்கு இன்ஹேலர் இருப்பது தெரிந்தால் திருமணம் தடைப்படும் என்பதும் இன்றும் காதில் விழும் பேச்சுகள். முதலிரண்டும் பிழை. மூன்றாவது, சமூகம் வெட்கப்பட வேண்டிய செய்தி. அதற்காக மருந்தை மறைத்து எடுப்பதும் நிறுத்துவதும் அந்தப் பெண்ணின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சரியான மருந்தும் தவறாக எடுத்தால் வீண். அழுத்தக் குப்பியை நன்கு குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, உதடுகளை இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்தி, ஆழ இழுத்தபின் பத்து நொடி அடக்க வேண்டும். அழுத்தமும் இழுப்பும் ஒத்துவராதோருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும், ஸ்பேசர் எனப்படும் குடுவை இன்றியமையாதது. அது மருந்தைச் சற்று நிறுத்தி வைத்து நுரையீரலுக்குள் செல்லும் பங்கைக் கூட்டி, தொண்டையில் படிவதைக் குறைக்கிறது. ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவியபின் துணியால் துடைக்கக் கூடாது. துடைப்பதால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்துத் துகளைக் குடுவைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும். தானாக உலர விட வேண்டும். தூள்மருந்து நிரம்பிய ரோட்டாகேப்ஸ், தோற்றத்தில் மாத்திரை போலிருப்பதால், அதை நீரோடு விழுங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முறையிடுவோர் இன்னும் உண்டு. அதற்குரிய கருவியில் மருந்தை மெதுவாக அன்று, வேகமாகவும் வலிவாகவும் இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் தூள் கட்டிப்பட்டுவிடும் என்பதால் மூடிய டப்பியில் வைக்க வேண்டும். எதை எடுத்தாலும் பின்னர் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் பூஞ்சையும் வரும் வாய்ப்பு குறையும். ஒவ்வொரு முறை மருத்துவரைக் காணும்போதும் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர்முன் ஒரு முறை எடுத்துக் காட்டுவது நல்ல வழக்கம்; பல நோயாளிகளுக்கு மருந்தை மாற்ற வேண்டியதே இருப்பதில்லை, கையை மாற்றினாலே போதும்.

புரட்டாசியில் மருத்துவரைக் காணச் சொல்வதன் பொருள் இப்போது தெளிவாகும். தடுப்பு மருந்து முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். ஃபுளூத் தடுப்பூசி காப்பு உண்டாக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். இரண்டும் மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஃபுளூத் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. நிமோனியாத் தடுப்பூசி முதியோருக்கும் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கும் உரியது. அந்தச் சந்திப்பிலேயே, நோய் கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவமனைக்குப் புறப்படுவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். உச்ச மூச்சுவேகமானி என்னும், ஊதிப் பார்க்கும் சிறு குழாய்க் கருவி வீட்டில் இருந்தால் அத்தாளுக்கு எண் கிடைத்துவிடும்: நலமாக இருந்த நாளில் ஊதிய உச்ச அளவில் 80 விழுக்காட்டுக்குமேல் இருந்தால் அச்சமில்லை, 50க்கும் 80க்கும் இடையே இறங்கினால் மருந்தைக் கூட்ட வேண்டும், 50க்குக் கீழ் போனால் காத்திருக்கக் கூடாது. விடியற்காலை நான்கு மணி அளவில் மூச்சுக்குழல்கள் இயல்பாகவே மிகக் குறுகியிருக்கும்; ஆகவே இரைப்பினால் அந்நேரத்தில் விழிப்பு வருவது, பகலில் எத்தனை நன்றாக இருந்தாலும், நோய் அடங்கவில்லை என்பதற்கு முதல் எச்சரிக்கை.

உணவைப் பற்றிச் சில சொற்கள் போதும். வாழைப்பழமும் தயிரும் ஆரஞ்சும் சளி கட்டும் என்று இரைப்புக் குழந்தைக்கு அவற்றை மறுப்பது பரவலான பழக்கம். குறிப்பிட்ட உணவு ஒன்று ஒவ்வாமை தருவதாகத் தெளிவாகக் கண்டறியப்பட்டால் அன்றி, இந்த விலக்குக்கு அடிப்படை இல்லை. வளரும் குழந்தைக்கு ஊட்டம் குறைவதே மிச்சம். தூதுவளை ரசமும் சுக்கு நீரும் இதமளிப்பவை. ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் கோழை இளக்கும் மருந்து உருவாக்கப்பட்டது என்பதால், பாட்டி வைத்தியத்தை முற்றாக ஒதுக்கவும் வேண்டியதில்லை. அவை தடுப்பு மருந்துக்குத் துணையாகலாம், மாற்றாகா. ஆவி பிடிப்பது மூக்கடைப்பைச் சற்று இளக்கும், மூச்சுக்குழல் சுருக்கத்தை நீக்காது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது நேரும் அபாயம். மருந்துகளிலும் கவனம் தேவை: பனிக்கால மூட்டுவலிக்கு எடுக்கும் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்றவை ஆஸ்துமா நோயாளிகளில் சிலருக்குக் கடும் இரைப்பைக் கிளப்பும், கண்நீர் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்தும் அவ்வாறே. கண் மருத்துவரிடம் இரைப்பைப் பற்றிச் சொல்ல எவருக்கும் தோன்றுவதில்லை.

நோயாளி மார்கழி முழுதும் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். நடைப்பயிற்சியை விடியற்காலையிலிருந்து வெயில் ஏறிய எட்டு மணிக்கு மாற்றிக்கொண்டால் தரையில் தங்கிய புகை கலைந்திருக்கும். சிஓபிடி நோயாளிக்கு நடை மருந்தைப் போன்றே தேவையானது. உதடுகளைக் குவித்து மெதுவாக வெளிவிடும் மூச்சுமுறையைப் பழகினால், மூச்சு வாங்காமல் நடக்கும் தொலைவு கூடும். சபரிமலைக்கு மாலை அணிந்தோர் விரதகாலத்திலும் தடுப்பு மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். நீலிமலை ஏற்றத்தில் ஆக்சிஜன் உதவி மையங்கள் இருப்பினும், தணிப்புக் குப்பி இருமுடியோடு அன்றி, சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குமேல் நீடிக்கும் இருமலைப் பனியின் தலையில் போட்டுவிடாமல், காசநோய்க்காகச் சளியைச் சோதிப்பது தமிழ்நாட்டில் எப்போதும் முதற்கடமை. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

கடும் இரைப்பின் அடையாளங்களை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமல் சொல் சொல்லாக நிறுத்துவதும், கழுத்துத் தசைகளும் விலாவிடைகளும் உள்வாங்குவதும், உதடு நீலம் பாரிப்பதும் அவை. இழுப்பொலி திடீரென அடங்கியும் நோயாளி சோர்ந்தால், அது குணம் அன்று. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்பதே பொருள். அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாகத் தணிப்பு மருந்தை ஒரு முறைக்கு ஓர் அழுத்தமாக, இடையில் நான்கைந்து மூச்சு விட்டு, பத்து அழுத்தங்கள் வரை கொடுக்கலாம். அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் 108ஐ அழைத்துவிட வேண்டும். சிஓபிடி நோயாளிக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜனும் தீங்கு. அவருக்குக் குருதியின் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 விழுக்காடு என்ற வரம்பே பொதுவாகக் குறிக்கோள் என்பதால், வாடகை சிலிண்டரை வைத்து வீட்டிலேயே மருத்துவம் பார்ப்பது கூடாது.

சென்ற பனிக்காலத்தில் இரைப்பினால் ஒரே ஒரு முறையேனும் நெபுலைசர் வைக்க நேர்ந்தவர், இந்தப் பனிக்காலத்திலும் அந்த அபாயத்தில் இருப்பவர். அப்படிப்பட்டவர் எவரேனும் வீட்டில் இருந்தால், அவர் நன்றாக இருக்கும் புரட்டாசி மாதத்திலேயே, பழைய மருந்துச்சீட்டையும் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு இந்த அவையில் உள்ள ஒவ்வொருவரையும் இவ்வுரை வேண்டிக்கொள்கிறது.